நான்காம் கேள்வி

ரூவி. ஏசித் தண்ணீர் சொட்டும் வாளிக்குப்
பக்கத்தில் பாய். திங்கட்கிழமை தேர்வு.
டைரியில் மிஸ் எழுதியிருந்தார்:
நன்றாக வாசிக்கிறாள். உள்ளர்த்தம் பிடிபடுவதில்லை.
வீட்டில் கவனிக்கவும்.

முதல் மூன்று கேள்விக்கும்
வரியை அப்படியே பெயர்த்து வைத்தாள் ஸுமையா.
நான்காவது:
படகுக்காரரின் மனம் அன்று எப்படி இருந்தது?

"அதப் போடவே இல்லயே வாப்பா."
போட்டிருக்காது. தேடு, என்றேன்.

வலையை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.
சாயா ஆறிக் கிடந்தது.
ஒவ்வொன்றாய் விரல் வைத்து வந்தவள்
நிமிர்ந்து
என் கோப்பையைப் பார்த்தாள்.
ஆடை படிந்திருந்தது.
மடியில், நாலாய் எட்டாய் நான் மடித்திருந்த
கம்பெனிக் கடிதம்.

பென்சிலை எடுத்தாள்.
எழுதவில்லை.

"உம்மாக்குத் தெரியுமா?"