இரண்டாவது குழாய்

படிவத்தில் இரண்டு கட்டங்கள் உண்டு:
காய்ச்சல் தொடங்கிய திகதி,
மருந்து தொடங்கிய நேரம்.
வாட்டிலிருந்து வரும்போது இரண்டும் வெறுமையாகவே வரும்.
நான் போன் எடுத்துக் கேட்பேன்.
மறுமுனையில் யாராவது சலித்துக்கொள்வார்கள்.

அன்றைக்கு நிரப்பி வந்தது.
தவயோகன், ஐம்பத்தொன்பது, வசாவிளான்.
காய்ச்சல்: நாலாம் நாள்.
இரத்தம்: பின்னேரம் ஐந்து ஐந்து.
முதல் குளிசை: ஐந்து பத்து.
அந்த ஐந்து நிமிடத்துக்காக டொக்டர் ஹிமாஷா
தாதியோடு சண்டை பிடித்தாளாம்,
பாதித் தமிழில்.

விட்ட காணி.
முப்பது வருசத்துக்கு மேல் ஆமி வைத்திருந்து விட்டது.
எல்லைக் கல் இல்லை, கிணறு இருந்த இடம் தெரியவில்லை.
ஈச்சம்பற்றைக்கும் உண்ணிச்செடிக்கும் நடுவே
கத்தியோடு குனிந்து நின்றவரின் முதுகில்
புழுதியிலும் சிறிய ஒன்று ஏறியிருக்கிறது.
கடித்தது அவருக்குத் தெரியாது.

சிகரெட்டால் சுட்டது போன்ற கறுப்புப் பொருக்கு,
சுற்றிவரச் சிவப்பு விளிம்பு:
உண்ணிக் காய்ச்சலுக்குப் புத்தகம் சொல்லும் அடையாளம்.
ஹிமாஷா சேட்டைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள்.
ஆறு வட்டங்கள்.
ஒன்றுக்குத்தான் சிவப்பு விளிம்பு.
மற்ற ஐந்தும் அவளைவிட மூத்தவை.
இதை எனக்குச் சொன்னபோது
ஆய்வுகூட வாசலில் நின்றபடி
பேனை மூடியைத் திறந்து திறந்து மூடினாள்.

"என்ன வருத்தமெண்டு தெரியமுந்தி
என்னெண்டு மருந்து குடுப்பியள்?"
மனைவி பத்மலோஜினி கேட்டது நியாயமான கேள்வி.
உடம்பு தன் முறைப்பாட்டை எழுத
ஒரு கிழமை எடுக்கும், பத்து நாளும் எடுக்கும்.
நாலாம் நாள் இரத்தத்தில் ஒன்றும் இராது.
எழுதி முடியட்டும் என்று பார்த்திருந்தால்
சுவாசப்பை நிறைந்துவிடும், சிறுநீரகம் நின்றுவிடும்.
மருந்தை முதலில் கொடுத்தாலோ
பாதி வசனத்தில் பேனையை வைத்துவிடக்கூடும் உடம்பு.

இருட்டறையில் கண்ணாடித் தகட்டைப் பார்த்தேன்.
பச்சையாய் எரியவேண்டிய புள்ளிகள் எரியவில்லை.
இல்லை என்று எழுதினேன்.
அந்நேரம் அவர் வாட்டில்
பாணுக்குச் சம்பல் கேட்டுக்கொண்டிருந்தார்.

இரண்டாவது குழாய்க்கு இரண்டு கிழமை கழித்து வரவேண்டும்.
பெரும்பாலும் வரமாட்டார்கள்.
சுகமானவன் எதற்கு
ஒரு நாள் கூலியை விட்டு ஊசி குத்திக்கொள்ள வருவான்?
என் தாங்கியில் அந்தத் துளைகள் காலியாகவே இருக்கும்.

அவர் வந்தார், பதினெட்டாம் நாள்,
சேட்டுக் கையை வாசலிலேயே மடித்துக்கொண்டு.
பின்னேரம்வரை வாங்கிலில் இருந்தார்.
மறுபடி இருட்டறை.
அங்கொன்று இங்கொன்றாய் மங்கல் பச்சை,
ஒரு முடிவுக்குப் போதாது.

"அப்ப எனக்கு அந்தக் காய்ச்சல் வரேல்லையோ?"
"வந்தது ஐயா. மருந்து முந்தியிட்டுது.
பேப்பரில காட்டாது."

கொஞ்ச நேரம் தன் கைகளைப் பார்த்தார்.
"ஆணைக்குழுவிலயும் முதுகைக் காட்டினன் பிள்ளை.
இது எதால வந்ததெண்டு இப்ப சொல்லேலாது,
ஆறமுந்தி வந்திருக்கலாமே எண்டினம்."
சிரித்தார். உண்மையாகவே சிரித்தார்.
"ஆறமுந்தி நான் அவங்கட கையிலயெல்லோ இருந்தனான்."

குறிப்பு என்ற கட்டத்தை நாங்கள் நிரப்புவதில்லை.
அன்று எழுதினேன்:
இரத்தம் ஐந்து ஐந்து, மருந்து ஐந்து பத்து,
பொருக்கு ஒன்று, கண்ணால் கண்டது.
மற்ற ஐந்தையும் எழுத அந்தப் படிவத்தில் இடமில்லை.
இடம் இருந்திருந்தாலும்
எழுதியிருப்பேனா, தெரியாது.

போகும்போது சொன்னேன்,
"பத்தை வெட்டேக்க முழுக்கைச் சேட்டுப் போடுங்கோ.
வெட்டி முடிய உடன அங்கையே முழுகுங்கோ."

"கிணறு இன்னும் ஆப்பிடேல்ல" என்றார்.