நாற்பது நொடி

காரைக்குடி, செக்காலை ரோடு. சேவுகன் டயர் கடை.
பஞ்சர் தொட்டி விளிம்பில் சாத்திய போனுக்கு
ஏழு தலைகள்.
என் வண்டிக்குக் காற்று பாதி ஏறி நிற்கிறது.
கேட்கவில்லை நான்.

ஐந்தாம் நாள். இரண்டு ரன். ஒரே விக்கெட்.
பதினோராவதாக வந்தவன்
முக்கால் மணி நேரமாய் மட்டையைக்
கதவு போலச் சாத்திக்கொண்டு நிற்கிறான்.
"டிரா ஆனாலும் போதும்," என்றார் கூரியர் ஜபருல்லா.
"அதுக்கா லீவு போட்டேன்?" என்றாள் எல்.ஐ.சி. சிகப்பி.

எங்கள் திரையில் பந்துவீச்சாளன்
இன்னும் பந்தைத் தேய்த்துக்கொண்டிருக்கிறான்.
அதற்குள்
எதிர்ச்சாரி மெத்தைக்கடை டிவியிலிருந்து
வந்துவிட்டது சத்தம்.

'ஆ'வா, 'ஐயோ'வா?
இரண்டுக்கும் வாய் ஒரே மாதிரிதான் திறக்கிறது.
நடுவில் திருப்பத்தூர் பஸ் வேறு
ஹாரனை அழுத்திக்கொண்டு போனது.

யாரும் எட்டிப் பார்க்கவில்லை.
சேவுகன் எழுந்து ஷட்டரைப் பாதி இறக்கினான்.
முடிந்துபோன ஒன்று
எங்களுக்கு மட்டும் முடியாமல் இருந்தது,
நாற்பது நொடி.
ஜபருல்லா கண்ணை மூடினார்,
பிறகு ஒன்றை மட்டும் திறந்தார்.

ஓடி வருகிறான். கால் பக்கம் தட்டல்.
ஒன்று!
சிகப்பி என் தோளில் அறைந்தாள்.
இரண்டாவதுக்குத் திரும்பினார்கள்.
கோட்டுக்கும் மட்டைக்கும்
இரண்டு விரற்கடை.
ஸ்டம்ப் பறந்தது.

கணக்கு நேர்.
ஜெயித்தவன் இல்லை, தோற்றவன் இல்லை.
எங்கள் வாயிலிருந்தும் வந்தது
அதே சத்தம்.

பக்கத்து ஜூஸ் கடையில்
இன்னும் மெதுவான போன் வைத்திருந்த இருவர்
ஷட்டருக்கடியில் குனிந்து
எங்கள் முகங்களைப் பார்த்தார்கள்.
ஒருத்தரும் சொல்லவில்லை.

சேவுகன் காற்றுக் குழாயை எடுத்தான்.
"முப்பது போதுமாண்ணே?"