எட்டு புள்ளி இரண்டு

பகலில் எனக்குக் கிணறுகளோடு வேலை.
பென்னாகரத்திலிருந்து, காரிமங்கலத்திலிருந்து,
நல்லம்பள்ளி தாண்டிப் பேர் தெரியாத ஒரு கொட்டாயிலிருந்து
லிட்டர் பாட்டில்களில் வந்து சேரும் போர் தண்ணீர்.
ஃபுளோரைடு இரண்டு புள்ளி நான்கு.
மூன்று புள்ளி ஒன்று.
ஒன்றரையைத் தாண்டினால் சிவப்பில் எழுத வேண்டும்.
எங்கள் ஆய்வகத்தில்
சிவப்புப் பேனாதான் முதலில் தீரும்.

இரவில் ஒரே ஒரு தண்ணீர்.

பிடமனேரி மாடிவீட்டில்
டிவி இருக்கவேண்டிய இடத்தில் மூன்றடித் தொட்டி.
அதற்குள் உப்பை எடைபோட்டு நான் கரைத்த கடல்.
நிஜக் கடலுக்கு இங்கிருந்து பஸ்ஸில் ஐந்து மணி நேரம்;
அலை எழுப்ப இங்கே ஒரு மோட்டார்,
நிலா மாதிரி ஒரு நீல விளக்கு.
ஒகேனக்கல் குழாய்த் தண்ணீர்கூட இதற்கு ஆகாது.
வடிகட்டி, மறுபடி வடிகட்டி,
மீட்டர் பூஜ்யம் காட்டினால்தான் உள்ளே விடுவேன்.
"எனக்கு ஒருநாள் இப்படித் தண்ணி குடுத்திருக்கியா"
என்பார் தீர்த்தகிரி,
கிரானைட் தூள் படிந்த சட்டையைக் கழற்றிக்கொண்டே.

பவளம் என்றால் சிவப்பாக இருக்கும் என்று வருகிறார்கள்.
இது பச்சை. விரல் விரலாய் ஆடும்,
நுனியில் மட்டும் வெளிர் ரோஸ்.
அடியில் கல், மேலே சதை.
"செவ்வாய் தோஷத்துக்கு ஆகுமா?"
கீழ்வீட்டு சுகந்தி கேட்டாள்.
ஆகாது. இதற்கே ஆயிரம் தோஷம்.
வெயில் கூடினால் சுருங்கும்,
மீன் உரசினால் சுருங்கும்,
நான் கை கழுவிய சோப்புக்கும்.

ராத்திரி பத்துக்குச் சொட்டு எண்ணுவேன்.
ஒன்று, இரண்டு, மூன்று...
நீலம் சட்டென்று ரோஸாகும் சொட்டில் நிறுத்தி
நோட்டில் எழுதுவேன்: காரம் எட்டு புள்ளி இரண்டு.
தண்ணீரில் கரைந்திருக்கும் கல்லைக் குடித்து
அது தன் எலும்பைக் கட்டுகிறது.

தண்ணீர் எலும்புக்குள் போய் உட்காரும் என்று
எங்களுக்குப் புதிதாகச் சொல்லவேண்டியதில்லை.
எட்டு வயதுவரை நான் குடித்த கிணறு
என் முன்பற்களில் பழுப்புக் கோடாக இருக்கிறது.
போட்டோவுக்கு நான் உதட்டைப் பிரிப்பதில்லை.

ஐப்பசி கடைசியில் காற்றோடு மழை.
பதினொரு மணிக்குக் கரண்ட் போனது.
மூன்று மணிக்கு இன்வெர்ட்டரும் கூவி ஓய்ந்தது.
அலை நின்ற கடலை
அன்றுதான் பார்த்தேன்.
சொம்பில் மொண்டு
ஒரு முழம் உயரத்திலிருந்து ஊற்றினேன்,
மொண்டு, ஊற்றி.
கை விட்டுப்போனதும் அவர் வாங்கிக்கொண்டார்.
எதுவும் பேசவில்லை.
பால்காரன் மணி அடிக்கும்வரை சொம்பின் சத்தம்தான்.

இரண்டு நாள் கழித்து
ஒரு கிளையின் தலையில் பழுப்புச் சளி.
ஓசூரைவிட்டுப் போகும்போது
காகிதங்களோடு இதை என்னிடம் ஒப்படைத்த
பல் டாக்டர் ஜெபராணிக்குப் போன் செய்தேன்.
"சொத்தை மாதிரிதான். பரவும்.
பார்த்துக்கிட்டு இருக்காதே, வெட்டிடு."

இருபது வருடமாகக் கல் அறுக்கிறவர் வீட்டில் இருக்கிறார்.
பட்டறையிலிருந்து சின்ன வைரத்தகடு கொண்டுவந்தார்.
மலையை பாளமாக்கிய கை,
கிண்ணத்துத் தண்ணீருக்கு மேலே நடுங்கியது.
"தொட்டா சுருங்குற கல்ல
நான் அறுத்ததில்ல புள்ள."
பிறகு அறுத்தார்.
நறநறவென்று மூன்று நொடி.
வெள்ளைத் தூள் அவர் நகக்கண்ணில்.

அப்புறம் காத்திருப்பு.
எட்டு புள்ளி இரண்டு.
எட்டு புள்ளி இரண்டு.
தண்ணீர் மாறாமலே இருந்தது,
சாப்பிடாதவர் தட்டு மாதிரி.
ஆய்வகத்தில் ஒன்பது நாளும் சிவப்பில் எழுதிவிட்டு வந்து
இங்கே ஒரு எண் இறங்கட்டும் என்று
வேண்டிக்கொண்டிருந்தேன்.

பத்தாம் இரவு
ஒரு சொட்டு முன்னாலேயே ரோஸ்.
நம்பாமல் குழாயைக் கழுவி மறுபடி எண்ணினேன்.
ஏழு புள்ளி ஒன்பது.

அவரை உலுக்கி எழுப்பினேன்:
"குறைஞ்சிடுச்சு!"
பதறி எழுந்தவர்
இருட்டில்
சொம்பைத் தேடி ஓடினார்.