முதல் நீரைக் கொட்டிவிடு

வனாட்சோருக்கும் யெரெவானுக்கும் இடையே
இருபது வருடம் வேன் ஓட்டியவன் நான்.
எந்த வளைவில் யாருக்குக் குமட்டும் என்று
ஏறும்போதே முகம் பார்த்துச் சொல்வேன்.
இப்போது பக்கத்து இருக்கையில் நீ,
மடியில் நீல வாளி.
வளைவே இல்லாத நேர்ச்சாலையில்
நிறுத்து என்கிறாய்.

மூன்றாம் சுற்று மருந்து ஏறியதிலிருந்து
உன் வாயில் எல்லாமே தகரம்.
ரொட்டி தகரம். தயிர் தகரம்.
தண்ணீர், துருப்பிடித்த குழாய்.
கரண்டிதான் காரணமோ என்று
ஆப்ரிகாட் மரத்தில் ஒன்று செதுக்கித் தந்தேன்.
மரவாசனை அடிக்கிற தகரம் என்றாய்.

பிறகுதான் அந்தப் பட்டியல்,
பெட்ரோல் ரசீதின் முதுகில்.
சந்தையில் ஷோகெர் சொன்னது,
ஆஸ்பத்திரி வாசலில் யாரோ சொன்னது,
உன் தம்பி போனில் கத்தியது:
பதினோரு தழை, இரண்டு வேர், ஒரு பூ.

செவிலி க்னாரிக் கண்ணாடியை ஏற்றிவிட்டு
சிவப்புப் பேனாவால் அடித்துக்கொண்டே போனாள்.
"இந்த மஞ்சள் பூவைத் தொடவே தொடாதீர்கள்.
உள்ளே போகிற மருந்தை
கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளும்.
வேர்கள் வேண்டாம்.
அந்தக் கல்லீரல் ஏற்கெனவே இரண்டு ஷிப்ட் பார்க்கிறது."
மருத்துவரிடமும் காட்டிவிட்டு வந்தாள்.
தப்பியவை மூன்று.
புதினா.
தைம் தேநீர், நாளுக்கு ஒரே கோப்பை.
கடைசி வரியில் பேனா நின்றது.
"அவெலுக்கா? அது மருந்தில்லையே, சாப்பாடு.
நன்றாகக் கொதிக்கட்டும்.
வெள்ளை அணு குறைவு,
பச்சையாக ஒரு இலைகூட ஆகாது."

ஷோகெர் கடையில் கயிறு கயிறாய்த் தொங்கியது.
"கட்டியையே கரைக்கும்" என்றாள்.
கரைப்பதற்கு அங்கே
சொட்டுச் சொட்டாய் ஒன்று இறங்குகிறது,
எனக்கு வயிற்றில் தங்குகிற
ஒரு கிண்ணம் போதும் என்றேன்.
முகம் சுருங்கி, விலையைப் பாதியாக்கினாள்.
வாங்கவில்லை.

நம் பால்கனியில் ஏழு இருக்கின்றன.
போன மே மாதம் மலைச்சரிவில்
நீ குனிந்து குனிந்து பறித்த காட்டுக்கீரை.
கட்டி இல்லாத மே,
அல்லது இருந்தும் சொல்லாத மே.
இலைக்காம்புகளை மூன்று பிரியாய்ப் பிரித்து
நாடகம் பார்த்துக்கொண்டே பின்னினாய்.
காய்ந்து கறுத்து
ஒவ்வொன்றும் உன் சடை நீளம்.
உன் சடையின் பழைய நீளம்.

கத்தரிக்கோலோடு நின்றேன்.
கை எழவில்லை.
கம்பளித் தொப்பியைக் காதுவரை இழுத்தபடி
உள்ளேயிருந்து சொன்னாய்:
"வெட்டு, வார்ட்கெஸ்.
வெட்டத்தானே அதைப் பின்னினேன்."
சிரித்தாயா,
இருமினாயா,
திரும்பிப் பார்க்கவில்லை.

ஊறப்போட்டேன். கொதித்தது.
"முதல் நீரைக் கொட்டிவிடு, கசப்பு அதில்தான்."
கொட்டினேன். தொட்டி பழுப்பானது.
"இரண்டாவதையும்."
ஒரு பிடி மைசூர்ப் பருப்பு.
பூண்டு இல்லை, வாடை உனக்கு ஆகாது.
வால்நட் வாய்ப்புண்ணில் குத்துமென்று
மாவாய் அரைத்தேன்,
மூன்று முறை சலித்தேன்.
வேனுக்கு ஆயில் மாற்றும்போதுகூட
இவ்வளவு கவனம் இருந்ததில்லை.
பிறகு ஆறவிட்டேன்.
ஆவி எழுந்தால் குமட்டலும் எழும்.

ஒரு கரண்டி.
வாளியை நான் பார்த்தேன், நீ பார்க்கவில்லை.
இரண்டு.
மூன்றாவது பாதியில் நின்றது.
கண்ணை மூடினாய்.
எழுந்துவிட்டேன், வாளியைக் கையில் எடுத்துவிட்டேன்.

"உப்பே இல்லையே இதில்" என்றாய்.

பதினாறு நாளில் முதன்முறை
தகரம் என்று சொல்லவில்லை.
டப்பாவைத் தேடி எல்லா அலமாரியையும் திறந்தேன்.
உன் குரல் பின்னாலேயே வந்தது:
இத்தனை வருடம் இந்த வீட்டில்தானே இருந்தாய்,
உப்பு எங்கே இருக்கும் என்றுகூடத் தெரியாதா?

தெரியாது, அருஸ்யாக்.
திட்டு.
இன்னும் கொஞ்சம் திட்டு.