கட்டைவிரல் அகலம்

திபிலீசி ரயில் நிலையத்துக்குப் பின்னால்
படையை விட்டு ஓடிவந்தவர்கள் துப்பாக்கி விற்றார்களாம்,
அதனால் ஓடுகாலிச் சந்தை.
நீலப் பென்சிலால் தொடங்கினேன்.

வடக்கு மேலே இருக்கட்டும் என்றான் பெசிக்.
இங்கே வடக்கு யாருக்குத் தெரியும்?
ஊறுகாய் வாடை கூடும் பக்கம் ஒரு திசை,
ரொட்டி வேகும் பக்கம் இன்னொன்று.
வாசலை அடியில் வரைந்தேன்,
வருகிறவர் கால் வைக்கும் இடத்தில்.

எந்தக் கடையும் திரையில்
ஒரு கட்டைவிரல் அகலத்துக்குக் குறையக்கூடாது.
இது அவன் சட்டம்.
குறைந்தால்
மிளகாயைத் தொட்டவர் மீனுக்குள் போய்விடுவார்.
சந்தை அந்தச் சட்டத்தைக் கேள்விப்பட்டதில்லை.
நீல வெந்தயம் விற்பவரின் முழங்கை
பூண்டுக்காரர் கூடைமேல்தான் எப்போதும்.
பிரித்துப் பிரித்து வரைந்து பார்த்தேன்,
இருவருமே இறந்துபோனவர்கள் மாதிரி இருந்தார்கள்.
பழையபடி ஒட்டிவிட்டேன்.
இப்போது யாரைத் தொட்டாலும் இருவரும் திறக்கிறார்கள்.

லமாராவின் சுல்குனியைக் கொஞ்சம் பெரிதாகப் போட்டிருந்தேன்.
எதிர்க்கடை ஏத்தெரி தாளை வாங்கிப் பார்த்தாள்,
ஒன்றும் சொல்லவில்லை.
தன் பாலாடைக்கட்டியில் ஒரு துண்டு வெட்டிக்
கத்தி நுனியில் நீட்டினாள்.
உப்பு, புகை, பிறகு
பல்லுக்கடியில் ஒரு கீச்.
அன்றிரவு இரண்டையும் ஒரே அளவாக்கினேன்.
லஞ்சம் என்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும்.

ரொட்டி சுடும் நொதார்
இடுப்புவரை அடுப்புக்குள் கவிழ்ந்து
மாவை உள்சுவரில் அறைந்துவிட்டு வெளியே வருவார்.
அதற்கு மட்டும் எட்டுப் படங்கள்.
நிற்காமல் ஓடவிடலாமே என்றான் பெசிக்.
ஒரு தொடுதலுக்கு ஒரு தடவை போதும்,
மனுஷனுக்கு இடுப்பு இருக்கிறது.

குறிப்புகள் எழுதியது மக்வாலா,
ஆறு வருடமாகக் கூட்டம் கூட்டிப்போய் ஊட்டிவிடுகிறவள்.
சுர்ச்கேலாவுக்கு அவள் எழுதியது:
நூலில் கோத்த அக்ரூட், திராட்சைப் பாகில் முக்கியது.
மெழுகுவத்தி அல்ல. கொளுத்தாதீர்கள்.
யாரோ கொளுத்தியிருக்க வேண்டும்.

ஏழாவது நிறுத்தத்தில் மாட்டிக்கொண்டோம்.

சியூரிக்குக் கடை இல்லை.
கவிழ்த்த பெட்டி, ஒரு வாளி,
வாளிக்குள் ஜோன்ஜோலி:
மலர விடாமல் பறித்து உப்பில் போட்ட மொட்டுகள்.
திங்களன்று படிக்கட்டு,
செவ்வாய் மீன்காரர் முதுகுப்புறம்,
காவலர் வந்தால் பாலத்தடி.
மக்வாலா தினமும் அவளைத் தேடித்தான்
கூட்டத்தை இழுத்துக்கொண்டு அலைவாள்.

புள்ளியை எங்கே குத்த, என்றான் பெசிக்.
போய்க் கேட்டேன்.
புள்ளி வைத்தால்
முதலில் வருகிறவன் பசிக்காரன் இல்லை, வரிக்காரன், என்றாள்.
அப்படியானால் வரைய வேண்டாமா?
என்னை வரை. இடத்தை வரையாதே.

பதினோரு நாள் சண்டை.
பெசிக் இரண்டு முறை வேலையை விட்டான்.
கடைசியில் சந்தையின் வெற்றிடங்களை எல்லாம்
விரலுக்குத் திறந்துவிட்டான்:
தூணின் அடி, குப்பைத்தொட்டி நிழல்,
இரண்டு தள்ளுவண்டிகளுக்கு நடுவில் மீந்த வெள்ளைத் தாள்.
ஒவ்வொரு தடவையும் வேறொரு வெறுமையில்
ஒரு வாளி எட்டிப்பார்க்கும்.
அம்புக்குறி கிடையாது.
மக்வாலாவின் குறிப்பு ஒரே சொல்: கேளுங்கள்.

சனிக்கிழமை முதல் சோதனை.
மஞ்சள் மழைச்சட்டை போட்ட ஒருவர்
படிக்கட்டை அடைத்துக்கொண்டு நின்று
என் வெள்ளைத் தாளை
அழுத்தினார், அழுத்தினார்.
வாளி வந்தது, போனது.
யாரையும் கேட்கவில்லை.
பின்னால் இரண்டடியில் சியூரி உட்கார்ந்திருந்தாள்.
கூப்பிடவில்லை.
நானும் காட்டிக்கொடுக்கவில்லை,
கன்னத்தை உள்ளுக்குள் கடித்துக்கொண்டு நின்றேன்.

மூட்டைக்காரருக்கு வழிவிட ஒரு படி பின்வாங்கினார்.
குதிகால் வாளியில் இடித்தது,
உப்புத்தண்ணீர் காலுறைவரை.
போதீஷி, போதீஷி என்று
தனக்குத் தெரிந்த ஒரே ஜார்ஜியச் சொல்லில்
மன்னிப்புக் கேட்டார்.

கிலோவா, அரைக் கிலோவா, என்றாள்.