பச்சை அட்டை

காந்தி ரோடு லாட்ஜில்
பதினான்கு அறைக்கும் துடைப்பம் நான்தான்.
கல்கத்தாவிலிருந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு வருகிறவர்களுக்கு
எந்த வரிசை, எந்த ஜன்னல், எத்தனை மணிக்கு டோக்கன்
எல்லாம் கையைக் காட்டியே சொல்லிவிடுவேன்.
அவர்கள் பாஷையில் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்:
கோத்தாய் பேத்தா?
எங்கே வலி?

எனக்கு எங்கேயும் வலியில்லை.
மாடி ஏறினால் மூச்சு வாங்கியது, அவ்வளவுதான்.
ரத்தம் ஆறு பாயின்ட் என்றார்கள்.
பன்னிரண்டு இருக்க வேண்டிய இடத்தில் ஆறு.
பாதி எங்கே போனது?
தூரம் நின்று மூன்று வருஷம்.
காலையில் குனிந்து பார்த்ததிலும்
ஒரு சொட்டுச் சிவப்பு இல்லை.

டப்பா கொடுத்து, கடுகளவு போதும் என்றாள் ஒரு பெண்.
கடுகளவை முந்தானையில் மறைத்துப்
பழைய பஸ் ஸ்டாண்டு வழியே நடந்தேன்
நகை கொண்டுபோகிறவள் மாதிரி.

"நவநீதம்! நவநீதம் யாரு?"
மலத்தில் மறைந்த ரத்தம்: உண்டு.

பாலத்தின் மேல் பஸ்ஸில் போகிறவன்
பாலாற்றில் தண்ணியில்லை என்பான்.
மணலை ஒரு முழம் தோண்டினவளைக் கேட்க வேண்டும்.

மேலிருந்து குழாய் விட்டார்கள். ஒன்றுமில்லை.
கீழிருந்து விட, முந்தின ராத்திரி
இரண்டு லிட்டர் மருந்துத் தண்ணி.
அதைக் குடித்தவர்கள் விட்டுப்போன கக்கூஸ் எத்தனை கழுவியிருப்பேன்
மூக்கைச் சுளித்துக்கொண்டு.
சுளித்ததற்கெல்லாம் மன்னிப்புக் கேட்டேன்
அன்றைக்குப் பதினோரு தடவை.
கீழேயும் ஒன்றுமில்லை.

நடுவில் இருபது அடி இருக்கிறதாம்
குழாய் எட்டாத குடல்.
கேமரா வைத்த மாத்திரை ஒன்று, விழுங்க வேண்டும்.
விலையைக் கேட்டதும் வீட்டுக்காரர்
வெளியே போய்ப் பீடி பற்றவைத்தார்.
கம்மல் போனது. மாத்திரை இறங்கியது.
இடுப்பில் பெட்டியைக் கட்டிக்கொண்டு
எட்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன்,
உள்ளே யாரோ டார்ச் அடித்து நடந்துகொண்டிருக்க.

சின்னச் சின்னப் புண், ஏழெட்டு இடத்தில்.
"தினமும் மாத்திரை ஏதாச்சும் போடறீங்களா?"
இல்லை சார்.
முன்னே கேட்ட மூன்று டாக்டரிடமும் இதையேதான் சொன்னேன்.
இந்தப் பையன் மட்டும் எழுதுவதை நிறுத்தி
நான் எழுந்து நிற்கப் பட்ட பாட்டைப் பார்த்தான்.
"முட்டிக்கு என்ன பண்றீங்க?"
ஓ, அதுவா.
மெடிக்கலில் கேட்டால் தருவான், பச்சை அட்டை.
பக்கெட் தூக்குமுன் ஒன்று, படுக்குமுன் ஒன்று,
நாலு வருஷமாக.
மாத்திரை என்று அதை நினைத்ததே இல்லை.
டீயோடு சேர்ந்தது அது.

இப்போது இரும்புச் சத்துக்கு ஒன்று தருகிறார்கள்.
முதல் நாளே கரியாய்ப் போனதும் அலறிக்கொண்டு ஓடினேன்.
"அது மருந்தோட நிறம்மா."
ரத்தம் போன வருஷமெல்லாம் வாய் திறக்காத வயிறு
இப்போது சும்மாவே பயம் காட்டுகிறது.
முட்டிவலி அப்படியேதான் இருக்கிறது.

இன்று பன்னிரண்டாம் அறைக் குப்பைத்தொட்டியில்
ஒரு பச்சை அட்டை. பத்தும் காலி.
மால்டாவிலிருந்து வந்த மனுஷன்.
எங்கே வலி என்று கேட்டுவிடலாம்.
நிறுத்து என்பதற்கு அவர்கள் என்ன சொல்வார்கள்?

அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு
கதவைத் தட்டுகிறேன்.