குசினி பூட்டுற நேரம்

லிஸ்பனுக்கு டிக்கற் பார்த்த கிழமைதான்
கூரை ஒழுகத் தொடங்கியது.
விமானக் காசு கூரைக்காரனுக்குப் போனது.
மிஞ்சியதில் பெற்றோல் அடித்து
ஸ்காபரோவிலிருந்து பதினொரு மணித்தியாலம்.
எல்லையில் அதிகாரி கேட்டான்,
அமெரிக்காவில் என்ன வேலை?
"சாப்பாடு" என்றார் ஜூட்.
அவன் சிரிக்கவில்லை.
பின்சீற்றில் பெல்ற் போட்டு இருத்திய
ரைஸ் குக்கரைக் கனநேரம் பார்த்தான்.

நியூ பெட்ஃபர்ட்.
கடல் மணக்கும் என்று நினைத்தேன்,
டீசல் மணந்தது.
ஒன்பதரை. தெருவில் ஒரேயொரு வெளிச்சம்.
"குசினி பூட்டியிருப்பாங்கள்" என்று
நான் இவரிடம் முணுமுணுத்தது
வாசலில் நின்றவளுக்குக் கேட்டுவிட்டது.
"கொசீஞ்ஞா?" என்றாள்.
இல்லை, இன்னும் பூட்டவில்லை,
இரண்டு கதிரையை இழுத்துப் போட்டாள்.
கதிரைக்கும் அவள் சொன்ன சொல்
ஏறக்குறைய கதிரைதான்.
நூல்நூலாய் அரிந்த கீரை,
கரைந்த உருளைக்கிழங்கு,
ஓரத்தில் சிவப்பாய் எண்ணெய் விடுகிற
இரண்டு வட்டம் இறைச்சி.
தொட்டுக்கொள்ளப் பாண்.
அதற்கு மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

மறுநாள் காலை வெதுப்பகத்தில்
சீனியில் புரண்ட பொரித்த மா.
இவர் மூன்று. நான் ஒன்றரை.
மீசையில் வெள்ளை.
மெற்ஃபோமின் அறையிலேயே கிடந்தது.
பத்து மணிக்கு விரலில் குத்திப் பார்த்தால்
பதினான்கு தசம் இரண்டு.
"மெஷின் பிழை" என்றார்,
துடைத்து, திரும்பக் குத்தி,
அந்தத் துளியையும் நம்பாமல்.

புயல் தடுக்கக் கட்டிய கல் அணைமேல்
கதைக்காமல் நடந்தோம்.
காற்று என் சால்வையை ஒருமுறையும்
இவரின் தொப்பியை ஒரேயடியாகவும் கொண்டுபோனது.
தொப்பி மிதந்ததைப் பார்த்து நான் சிரித்தேன்.
இவர் சிரிக்க இன்னும் கொஞ்ச நேரம் எடுத்தது.

பகல் கருவாடு.
ஊறவைத்து உப்புக் களைந்து
ஒலிவ் எண்ணெயில் மினுங்கிக்கொண்டு
இருபத்தெட்டு டொலருக்கு வந்த கருவாடு.
பக்கத்துவீட்டுக்காரி முறைப்பாடு செய்ததிலிருந்து
எங்கள் அடுப்பில் ஏறாத அதே சாமான்,
இங்கே வெள்ளைத் துணி விரித்த மேசையில்.

இரவு முழு மீன். நெருப்பில் வாட்டியது.
பழக்கத்தில் வாற்துண்டை வெட்டி
இவரின் தட்டில் வைத்தேன்.
"எனக்கு வால் பிடிக்காது."
எப்போதிருந்து?
"எப்பவுமே."

இருபத்தொரு வருசம்.
இவருக்கு இரவு வேலை, எனக்குப் பகல்.
டப்பாவில் மூடி, தேதி எழுதி,
பிரிஜ்ஜின் இரண்டாம் தட்டில் வைத்துவிட்டுப் போவேன்.
கழுவிய டப்பா காலையில் கவிழ்ந்திருக்கும்.
அதுதான் எங்கள் கடிதப் போக்குவரத்து.
எத்தனை வால்.
"சொல்லியிருக்கலாமே."
"நீ நித்திரையாயிருப்பாய்."

பில் வந்தது. அட்டையை வாங்கிய லூர்தெஸ்
கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி வாசித்தாள்,
மனுவேற்பிள்ளை,
பாதியிலேயே நின்றுவிட்டாள்.
"மனுவேல்! நீங்கள் எங்கட ஆக்களா?"
நானூறு வருசத்துக்கு முந்தி
கோட்டை கட்ட வந்த கப்பலை
இவளுக்கு எங்கிருந்து தொடங்கி விளக்குவது?
"ஒருவிதத்தில்" என்றார் ஜூட்.
அந்த ஒருவிதத்துக்கு
காசு வாங்காமல் ஒரு கிண்ணம் பால்சோறு கொண்டுவந்தாள்.
கறுவாத்தூளால் மேலே ஒரு சிலுவை.
நாலு நூற்றாண்டுக் கணக்கு
தீர்ந்தது என்று சொல்லமாட்டேன்.
ஆனால் நல்ல பால்சோறு.

இன்று மூன்றாம் நாள்.
வெளியே ஐஸ் அள்ளிக் கொட்டுகிற சத்தம்,
கடற்பறவைகளின் சண்டை.
இவர் மெற்ஃபோமினை விழுங்கிக் காட்டிவிட்டு
ஒரு தேர்வுக்காரனைப்போலக் கேட்கிறார்:
"உனக்கு எந்தத் துண்டு பிடிக்கும்?"

சட்டியில் மிஞ்சிய துண்டுதான்
எப்போதும் என் துண்டு.
அதற்குப் பெயர் இருந்ததா?
சப்பாத்துக் கயிற்றைக் கட்டிக்கொண்டே
"பொறுங்கோ" என்கிறேன்.
"சந்தையில போய்ப் பார்ப்பம்."